கூப்பிட்டால் பதில் வர வேண்டும்: ஒரு வத்தல் ஏலமும் எங்கள் கிளஸ்டரும்

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விளாத்திகுளம் களத்தில் மிளகாய் வத்தலைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்துவிட்டு விவசாயிகள் காத்திருந்தார்கள். மதுரையிலும் விருதுநகரிலும் வியாபாரிகள் போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள். மேற்கே மேகமும் காத்திருந்தது. ஏலத்தை நடத்த வேண்டிய எங்கள் அப்ளிகேஷன் மட்டும் கோவில்பட்டியில் செத்து, பிழைத்து, மறுபடி செத்துக்கொண்டிருந்தது.

அதைச் சாகாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறவன் நான். இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும், எழுதுங்கள் என்றார்கள். உபயோகம் இருக்குமோ என்னவோ, இந்த ஆளைவிட மோசமாக நம்மால் செய்ய முடியாது என்ற தைரியமாவது அவர்களுக்கு வரட்டும்.

1. மூன்று ஷெட்

பெங்களூரில் பல வருடம் குப்பை கொட்டினேன். நான் இல்லாமலும் கம்பெனி நன்றாக நடக்கும் என்று ஒருநாள் கம்பெனி கண்டுபிடித்தது. ஊருக்குத் திரும்பினேன். எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை. ஆபீசுக்குப் போகிறேன் என்றால், குச்சியை மருந்தில் முக்கவா, கட்டையில் அடுக்கவா என்று கேட்பார்கள். பெருமாள்சாமி அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்ததால் என்னால் இரண்டையும் முழுதாக மறுக்க முடியவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியான அவர், மருமகன் பேச்சைக் கேட்டு, தீக்குச்சி மூட்டைகளை வைக்கும் கிட்டங்கிக்கு மேல்மாடியில் சாப்ட்வேர் கம்பெனி தொடங்கியிருந்தார்.

நேர்முகத் தேர்வுக்குக் கிளஸ்டர் பற்றி வண்ணப் படங்களோடு தயாராகப் போனேன். இரண்டாவது படத்திலேயே அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரே மிசின்ல எல்லாத்தையும் வச்சா, அது படுத்தா எல்லாம் படுத்துரும். மூணு மிசின்ல பிரிச்சு வச்சா ஒண்ணு போனாலும் மத்தது ஓடும். அதானவே?"

"அதான் அண்ணாச்சி."

"இதுக்கா இத்தன படம் வரஞ்சிருக்கீரு? மருந்து பூராத்தையும் ஒரே ஷெட்டுல எவனாச்சும் வைப்பானா?"

பெங்களூரில் இதே விஷயத்தைப் பெரிய மேனேஜர்களுக்குப் புரியவைக்க மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறேன். மூன்றாம் நாள் மதியம் பிரியாணி போட்ட பிறகுதான் சிலருக்குப் புரிந்தது.

கண்டெய்னர் என்பதையும் சொன்னேன். அப்ளிகேஷனையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாகக் கட்டி, எந்த மிசினில் இறக்கினாலும் ஓடும்படி அனுப்புவது. "பெட்டி," என்று அண்ணாச்சி முடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் அதற்குப் பெட்டி என்றே பெயர்.

2. இரண்டு விதி

வேலையில் சேர்ந்த அன்றே அண்ணாச்சி இரண்டு விதி சொன்னார். இரண்டும் தீப்பெட்டி ஆபீஸ் விதிகள்.

ஒன்று: பழைய மருந்து ரூமில் இருக்கும்போது புது மருந்து உள்ளே வரக் கூடாது. ஆகவே புது வெர்ஷன் ஏற்றும்போது பழைய பெட்டிகளை எல்லாம் முதலில் இறக்கிவிட வேண்டும். மற்ற ஊர்களில் புதியது எழுந்து நிற்கும்வரை பழையது வேலை பார்க்கும். எங்களிடம் அந்தப் பேச்சே கிடையாது.

இரண்டு: கூப்பிட்டால் உடனே பதில் வர வேண்டும். மருந்து முக்கும் ரூமுக்கு வெளியே நின்று போர்மேன் அவ்வப்போது பேர் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே இருக்கிறவர் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் ஏன் என்று யோசிக்கக் கூடாது. உள்ளே பாய்ந்து ஆளை இழுத்து வெளியே போட வேண்டும். அண்ணாச்சியின் அப்பா காலத்தில் ஒரு போர்மேன் யோசித்தாராம். அதற்கு மேல் அண்ணாச்சி சொல்ல மாட்டார். நாங்களும் கேட்டதில்லை.

கிளஸ்டரில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. லைவ்னெஸ் ப்ரோப் என்பார்கள். பெட்டியைத் தட்டி, இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். இதைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு வந்த சந்தோஷத்தை நான் என் சம்பளப் பேச்சின்போதுகூடப் பார்த்ததில்லை. "எவம்வே இதக் கண்டுபிடிச்சது? நம்ம பக்கத்து ஆளா?" என்று கேட்டார். கூப்பிடுவதற்கும் கொல்வதற்கும் உள்ள இடைவெளியை ஒரு மூச்சளவுக்குக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.

3. நல்ல நேரம்

வெள்ளிக்கிழமை டிப்ளாய் பண்ணக் கூடாது, அதாவது புது வெர்ஷன் ஏற்றக் கூடாது என்பது சாப்ட்வேர்க்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம். ஏதாவது உடைந்தால் சனி ஞாயிறு போய்விடும். கோவில்பட்டியில் செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, அஷ்டமி நவமி ஆகாது, ராகு காலம் எமகண்டம் ஆகாது. கழித்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமை காலையில்தான் கொஞ்சம் இடம் மிஞ்சும். வத்தல் ஏலமும் அதே காரணத்தால் வெள்ளிக்கிழமை காலையில்தான்.

அன்றைக்கு ஏற்றிய புது வெர்ஷனில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. ஏலம் கேட்க அமுக்கும் பட்டனைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தோம். வியாபாரிகளின் கட்டைவிரலுக்குப் பழைய பட்டன் போதவில்லையாம். சூடம் காட்டி, நல்ல நேரத்தில் பழைய பெட்டிகளை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றினோம். அது எழுந்தது. படுத்தது. எழுந்தது. படுத்தது. திரையில் 'க்ராஷ்லூப்பேக்ஆஃப்' என்று வந்தது. செத்துச் செத்துப் பிழைக்கிறது, நானும் அலுத்துப்போய் விட்டுவிட்டுத்தான் எழுப்புகிறேன் என்று கிளஸ்டர் சொல்லும் பாஷை அது.

களத்திலிருந்து ஜெயராணி கூப்பிட்டார். நாகலாபுரத்துக்காரர். வத்தல் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் செயலாளர். அவர் வீட்டு வத்தலும் அந்தக் களத்தில்தான் கிடந்தது.

"அண்ணே, வட்டமா சுத்திக்கிட்டே இருக்குண்ணே. உள்ள போவ மாட்டேங்கு."

"பாக்கோம்மா. இந்தா வந்துரும்."

"மேக்க இருட்டிக்கிட்டு வருது. தார்ப்பாய் பாதிக் களத்துக்குத்தான் காணும். மூட்டையக் கட்டிட்டா இன்னைக்கு ஏலம் போச்சு. நனைஞ்சா வத்தல் கறுத்துப் போகும், கறுத்தத எவன் கேப்பான்?"

"பழைய மாதிரி வாயாலயே ஏலம் விட்டா என்ன?"

"யார்கிட்டண்ணே விட? ஏவாரி ஒருத்தரும் இங்கன இல்ல. வீட்டுல இருந்தே போன்ல கேளுங்கன்னு அவியகிட்டச் சொன்னதே நீங்கதான!"

சொன்னது நான்தான். அப்ளிகேஷன் தொடக்க விழா மேடையில், மைக்கைப் பிடித்து.

4. ஆச்சா?

முதலில் லாக்கைப் பார்த்தேன். பெட்டி தான் செய்யும் வேலைகளைத் தானே எழுதி வைப்பது லாக். 'வத்தல் குவியல் பட்டியல் ஏற்றப்படுகிறது' என்ற வரியோடு நின்றிருந்தது. பிழை ஒன்றும் இல்லை.

"சார், எர்ரரே இல்ல சார். பேசிக்கிட்டு இருக்கையிலயே செத்துப் போகுது," என்றாள் செல்வி. பசுவந்தனைப் பெண். அந்த அப்ளிகேஷனை எழுதியவள். கிளஸ்டரைக் கட்டியவன் நான். ஆகவே கிளஸ்டரில்தான் கோளாறு என்று அவளும், அப்ளிகேஷனில்தான் கோளாறு என்று நானும் மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

மெமரியைக் கூட்டினேன். எங்கள் தொழிலில் அது திருநீறு பூசுவது மாதிரி. எந்த நோய்க்கும் முதலில் அதுதான். கேட்கவில்லை. பிறகு பழைய வெர்ஷனுக்கே திரும்பினேன். காலைவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டியும் அதே இடத்தில் செத்தது. "அப்ப என் கோடு இல்ல சார்," என்று செல்வி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நியாயம்தான்.

இதற்கிடையில் கீழே தீப்பெட்டி ஆபீசிலிருந்து அண்ணாச்சியின் போன்.

"ஆச்சாவே?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி."

போனை வைத்துவிட்டு, எங்கே விட்டேன் என்று தெரியாமல் லாக்கின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவேன். பாதி போயிருக்கும்.

"ஆச்சாவே?"

மறுபடி முதல் வரி. ஒரு கட்டத்தில் போனை எடுக்காமல் விட்டேன். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் படியேறி வந்தார். என் தோளைப் பிடித்து நாற்காலியோடு வெளியே இழுத்தார்.

"ஏ, என்னய்யா பண்ணுதீரு?"

"போன் எடுக்கலயாம். ஆள வெளிய கொண்டாரச் சொல்லிட்டாவ முதலாளி. உசுரோடதான இருக்கிய?"

"பாத்தா எப்படித் தெரியுது?"

"அத நான் யோசிக்கக் கூடாதுல்லா சார்," என்றார். விதி தெரிந்த மனிதர்.

வராந்தாவில் நாற்காலியோடு நின்ற என்னைப் பார்த்து செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்களும் நம்ம பெட்டி மாதிரிதான் சார். யோசிக்க ஆரம்பிக்கையில வெளிய இழுத்துப் போட்டுருதாவ. பொறவு முதல்ல இருந்து..."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. எனக்கும் அதே இடத்தில்தான் உறைத்தது.

உள்ளே ஓடி, டிஸ்க்ரைப் என்ற கட்டளையைக் கொடுத்து, அதன் கடைசிக்குப் போனேன். பெட்டிக்கு என்னென்ன நடந்தது என்று கிளஸ்டர் எழுதி வைத்திருக்கும் இடம் அது. 'லைவ்னெஸ் ப்ரோப் தோல்வி. கண்டெய்னர் நிறுத்தப்படுகிறது' என்று வரிசையாக இருந்தது. காலையிலிருந்தே இருந்திருக்கிறது. நான் லாக்கையே கட்டிக்கொண்டு அழுதேன். லாக் என்பது செத்தவன் எழுதியது. கொன்றவன் பெயர் அதில் இருக்காது.

நடந்தது இதுதான். அறுவடை உச்சத்தில் இருந்தது. குவியல்களின் பட்டியல் முன்னைவிடப் பல மடங்கு பெருத்திருந்தது. பெட்டி எழுந்ததும் முதல் வேலையாக அதை முழுக்க ஏற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அதனால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லாததால் கிளஸ்டர் அதைக் கொன்றது. அது மறுபடி பிறந்து, மறுபடி முதல் குவியலிலிருந்து ஏற்றத் தொடங்கியது. பழைய வெர்ஷனுக்கும் இதே கதிதான். அன்று காலைவரை அதை யாரும் இறக்கி ஏற்றவில்லை, அதனால் பிழைத்துக் கிடந்தது.

5. வளையலைக் கழற்றும் நேரம்

விதியைக் கேட்காமலே மாற்றியிருக்கலாம். அது எதற்காக வந்த விதி என்று தெரிந்ததால் மனம் வரவில்லை. அதோடு அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் ஏற்கனவே படியில் கேட்டுவிட்டது.

"பதில் வராத பெட்டிய விட்டு வைக்கச் சொல்லுதீரா?" நடந்ததைச் சொன்னதும் அண்ணாச்சி குரலை உயர்த்தினார்.

"இல்ல அண்ணாச்சி. ஒண்ணு கேக்கேன். காலையில மருந்து ரூமத் திறந்து ஆள உள்ள விட்டதும் போர்மேன் கூப்பிட ஆரம்பிச்சிருவாரா?"

"அதெப்படிவே? தலையில துணியக் கட்டி, உரசிப் பொறி பறந்துராம வளையல், கொலுசெல்லாம் கழத்தி வச்சி, கட்டைய எடுத்து உக்கார வேண்டாமா? அதுக்குள்ள என்னத்தக் கூப்பிட?"

"அந்த நேரத்த நாம பெட்டிக்குக் குடுக்கல அண்ணாச்சி. கதவத் திறந்த உடனே கூப்பிடுதோம். வளையலக் கழத்திக்கிட்டு இருக்கையில வெளிய இழுத்துப் போடுதோம்."

அண்ணாச்சி ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தார். எங்கள் கரிசல் காட்டில் அந்த நிறத்து மேகத்தைப் பார்த்தால் கும்பிடுவார்கள். அன்றைக்கு அவர் பல்லைக் கடித்தார்.

"உக்காந்த பொறவு கூப்பிடுதது நிக்காதுல்லா?"

"நிக்காது. அது வழக்கம் போல."

"அப்ப போடும்."

இதற்கும் வசதி இருக்கிறது. ஸ்டார்ட்டப் ப்ரோப் என்று பெயர். எழுந்து தயாராகும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே கூப்பிடத் தொடங்கும். சில வரிகள்தான். செல்வி டைப் அடித்தாள், நான் ஏற்றினேன். பெட்டி எழுந்து பட்டியலை ஏற்றத் தொடங்கியது.

அண்ணாச்சி எனக்குப் பின்னால் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். அந்த மனிதர் அவ்வளவு நேரம் ஒன்றும் கேட்காமல் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் போன் அடித்தது. நான் கை நீட்டுவதற்குள் அவரே எடுத்தார்.

"யாரு, ஜெயராணியாம்மா? பெட்டி இப்பதான் உள்ள போய் உக்காருது. கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாத. நானே கூப்பிடல, பாத்துக்க."

திரையில் 'ரன்னிங்' என்று வந்தது. போனில் களத்துச் சத்தம் மாறியது. முதல் குவியலுக்கு விலை ஏறத் தொடங்கியிருந்தது. விற்ற குவியலை உடனுக்குடன் அள்ளி மூட்டை கட்டிக் கூரைக்கு அடியில் இழுத்தார்கள். பெரிய பட்டன் நன்றாக வேலை செய்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்க அன்றைக்கு யாருக்கும் நேரம் இல்லை.

மழை ஏலம் முடியும்வரை பொறுக்கவில்லை. கடைசிக் குவியல் நனைந்தது. சங்கத்துச் செயலாளர் முதலில் விற்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று ஜெயராணி தன் வத்தலை எப்போதும் கடைசியில்தான் வைப்பார்.

சாயங்காலம் நானே அவரைக் கூப்பிட்டேன். வத்தல் என்னாச்சும்மா என்று கேட்டேன்.

"விடுங்கண்ணே. மேலாப்புலதான் நனைஞ்சிருக்கு. திரும்பக் காயப் போடுதேன். ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை, நாங்க களத்துக்கு வாரதுக்கு முந்தியே உங்க பெட்டி வளையலக் கழத்தி வச்சிட்டு உக்காந்திருக்கணும். சொல்லிட்டேன்."

செல்வி அவரிடம் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பெட்டி செத்தால் அது என்ன சொல்லிற்று என்பதோடு நிற்காதீர்கள். அதை யார் கொன்றார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அதைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் வைத்த காவல்காரன்தான். அவனை விரட்டிவிடாதீர்கள். எப்போதிலிருந்து கூப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லி வையுங்கள். ஏலம் நடக்கும் நாளில் பட்டனைப் பெரிதாக்காதீர்கள்.

அண்ணாச்சி இப்போது பஞ்சாங்கத்தில் வியாழக்கிழமையிலும் ஒரு நல்ல நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். டிப்ளாய் தொடங்கியதும் கீழே போய் டீ குடித்துவிட்டு, பேப்பரையும் படித்து முடித்துவிட்டுத்தான் போன் பண்ணுகிறார். நான் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஏலம் நேரத்துக்குத் தொடங்கியது. ஜெயராணியின் வத்தல் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. களத்தில் இருந்தவர்கள் அவரை ஒரு வார்த்தை கேட்காமல், அதை முதல் குவியலாகக் கொட்டி வைத்திருந்தார்கள்.