ஆறு மணி சோலூர் வண்டி

போன வாரம் முழங்கால் வலிக்கு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைப் பையன் ஏதோ ஒரு ஜெல்லை எடுத்து நீட்டி, "இதுல ஸ்மெல்லே வராதுங்க சார்" என்றான். ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு வாசனை இல்லாத மருந்தைப் பூசிக்கொள்வதா என்று எனக்கு ஒரு சின்ன ரோஷம் வந்துவிட்டது. நீலகிரித் தைலமே கொடப்பா என்று வாங்கி வந்தேன். வீட்டில் மூடியைத் திறந்ததுதான் தாமதம், முழங்காலை மறந்துவிட்டேன். தகரக் கூரை போட்ட ஒரு விளையாட்டுச் சாமான் அறையும், அதில் வரிசையாக உட்கார்ந்து கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் பையன்களும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டார்கள்.

அந்த அறைக்குள் போனால் கண்ணீர் வராமல் திரும்ப முடியாது. துக்கத்தினால் இல்லை, தைலத்தின் காரம் அப்படி. நான் எங்கள் சின்னக் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக் கொடுக்க வந்து சேர்ந்த புதிது. சேர்ந்த வாரமே முதல்வர் கூப்பிட்டு, கூடைப்பந்து அணிக்கு நீங்கள்தான் மேலாளர் என்று சொல்லிவிட்டார். மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் முடியாது என்று சொல்லி முடித்திருந்தார்கள். புதிதாக வந்தவனுக்கு அப்படிச் சொல்லத் தெரியாதல்லவா! எனக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு தெரியும் என்றால், முதல் நாள் மைதானத்தில் நின்று வளையத்தை அண்ணாந்து பார்த்து, "வலைக்கு அடியில தைக்காம விட்டிருக்காங்களே" என்று கேட்டேன். சிரிக்காதீர்கள். பையன்கள் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். "தெச்சா பந்து மாட்டிக்குமுங்க சார்" என்று பொறுமையாகச் சொன்னார். அவர்தான் ஜெயசீலன் மாஸ்டர், எங்கள் கல்லூரியின் பயிற்சியாளர். அருவங்காட்டில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். கூடைப்பந்துக்காரர் என்று நம்ப முடியாத உயரம். அதாவது என் தோள் வரைக்கும் வருவார், நானே ஒன்றும் நெட்டை இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர். விசிலைச் சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு வைத்திருப்பார். குளிர்ந்த விசிலை வாயில் வைத்தால் உதடு மரத்துப் போகுமாம்.

குளிர் என்றதும் பந்துகள் ஞாபகம் வருகின்றன. டிசம்பர் மாதக் காலையில் பந்தைத் தரையில் அடித்தால் அது எழும்பாது, செத்த எலி மாதிரி அங்கேயே கிடக்கும். அதனால் மாஸ்டர் எல்லாப் பந்தையும் ராத்திரி கேன்டீன் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவார். அதே இடத்தில்தான் டீயில் நனைத்துச் சாப்பிடும் மொறுமொறு வர்க்கி டின்னும் இருக்கும். எங்கள் கேன்டீன் வர்க்கியில் லேசாக ரப்பர் வாசனை அடிக்கும். புதிதாக வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கேன்டீன்காரர் அசராமல், "நம்ம வர்க்கி தின்னாத்தானுங்க நல்லாத் துள்ள முடியும்" என்பார். நான் அதைத் தின்று பழகிவிட, பிறகு எனக்கு வேறு இடத்து வர்க்கி சப்பென்று இருந்தது.

சரி, வர்க்கியை விடுங்கள், அணிக்கு வருகிறேன். எங்கள் பையன்கள் எல்லோரும் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். கல்லூரிக்கு ஹாஸ்டல் கிடையாது. மசினகுடிப் பையன் ஒருவன், சோலூர்ப் பக்கம் இரண்டு பேர், அருவங்காட்டிலிருந்து மூன்று நான்கு பேர், மீதி ஊட்டி டவுன். மலையில் இருட்டினால் பஸ் கிடையாது. மசினகுடி வண்டி ஐந்து மணிக்குப் போய்விடும், சோலூர் வண்டி ஆறு மணிக்கு. அருவங்காட்டுக்கு மட்டும் ராத்திரி வரை ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சாயங்காலப் போட்டி என்றால் நடுவிலேயே ஒவ்வொருவனாக ஷூவைக் கழற்றிக்கொண்டு ஓடுவான்.

வேறு யாராக இருந்தாலும் தூரத்துப் பையன்களை அணியில் சேர்த்திருக்க மாட்டார்கள். மாஸ்டர் அணியையே பஸ் நேரத்தை வைத்துத்தான் அமைத்தார். தூரத்துப் பையன்கள்தான் முதலில் இறங்குவார்கள். இருக்கிற நேரத்துக்குள் அடிக்க வேண்டியதை எல்லாம் அடித்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு ஓட்டம் மட்டுமே பழக்கினார். பக்கத்துப் பையன்களுக்குத் தடுப்பு மட்டும். முன்னவர்கள் சேர்த்து வைத்துவிட்டுப் போவதைப் பின்னவர்கள் காவல் காத்துக் கடைசி விசில் வரை கொண்டுபோக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வியூகமாகத் தெரிந்தது. முதல் பாதியில் ஓட்டமாக ஓடிய அணி, இரண்டாம் பாதியில் சுவராக மாறி நிற்கும். எதிரணி திகைத்துப் போகும்.

ஒருமுறை கோவையில் பயிற்சியாளர்கள் கூட்டத்தில் மாஸ்டரை மேடையேற்றி இந்த ரகசியத்தைக் கேட்டார்கள். "பஸ் டைமுங்க" என்றார். அரங்கமே சிரித்துக் கை தட்டியது. என்ன அடக்கம் என்று பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கீழே கோவையில் ஆடப் போகும்போது யாரும் வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனாலும் பாதி ஆட்டம் முடிந்ததும் சோலூர்ப் பையன்கள் தாமாகவே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார்கள். மாஸ்டரும் மாற்ற மாட்டார். பழக்கம்.

இந்தப் பழக்கம் எதனால் வந்தது என்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். யோகராஜா என்று ஒரு பையன். எங்களிடம் ஆடியவர்களில் அவன் அளவுக்கு ஆடியவன் இல்லை. சோலூர் தாண்டி ஒரு எஸ்டேட் லைன் வீட்டில், அவர்கள் பேச்சில் லயத்தில், இருந்தான். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா கிடையாது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து லைனுக்குச் சோலை வழியாக நடக்க வேண்டும். காட்டெருமையும் கரடியும் வரும் பாதை. அதனால் தினமும் அவனுடைய அப்பா டார்ச் லைட்டோடு வந்து, கடைசி வண்டிக்காக நிற்பார்.

அவன் முதலாம் ஆண்டு படிக்கும்போது ஒரு போட்டி இழுத்துக்கொண்டே போயிற்று. கல்லூரித் தாளாளர், "ஆடட்டும் மாஸ்டர், என் கார்ல கொண்டுபோய் விடச் சொல்றேன்" என்றார். ஜெயித்தோம். ஜெயித்த சந்தோஷத்தில் கார் சிறப்பு விருந்தினரை ஏற்றிக்கொண்டு விருந்துக்குப் போய்விட்டது. பையன் கார் வரும் வரும் என்று காத்திருந்துவிட்டு பஸ் ஸ்டாண்டிலேயே படுத்திருக்கிறான். வண்டியில் மகன் இல்லாததைக் கண்ட அப்பா, அந்த இருட்டில் ஊட்டி வரைக்கும் நடந்தே வந்துவிட்டார். காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இவன் இனி பந்து வெளையாட வேணாங்க ஐயா. புள்ள லயத்துக்கு வந்து சேந்தா போதும். எனக்கு வேற யாரு இருக்கா" என்றார்.

மாஸ்டர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "என்ன மேட்சா இருந்தாலும் செரிங்க, ஆறு மணி வண்டியில உங்க பையன் இருப்பான். நான் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. கோவைக்காரர்கள் வியந்த வியூகம் அந்த டீக்கு அப்புறம் வந்ததுதான்.

யோகராஜாவின் மூன்றாம் ஆண்டில் மண்டல இறுதிப் போட்டி, கோவை அணியோடு, எங்கள் மைதானத்திலேயே நடந்தது. இந்த இடத்தில் மாஸ்டரின் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் தற்காலிகப் பணியாளர். ஒவ்வொரு ஜூனிலும் உத்தரவு வரும், ஏப்ரலில் முடிந்துவிடும். கோடை விடுமுறையில் கல்லூரிக்கு அவர் யாரோ. மண்டலக் கோப்பை வந்தால் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். மாஸ்டருக்கு இரண்டு பெண்கள். அந்த வார்த்தையை அவர் வீட்டில் எத்தனை தடவை பேசியிருப்பார்கள் என்று நான் ஊகிக்கத்தான் முடியும். இறுதிப் போட்டியன்று காலையில் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மத்தியானம் தொடங்கிய ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. மூடுபனி இறங்கி வளையமே தெரியவில்லை. நடுவர் இந்த முனையில் நின்று அந்த முனை கம்பம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பனி விலகி, தரையைச் சாக்கால் துடைத்து, மறுபடி தொடங்கும்போது ஐந்தைத் தாண்டிவிட்டது. மசினகுடிப் பையன் எப்போதோ போய்விட்டான். யோகராஜா தனியாளாக அடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் ஆறு புள்ளி முன்னால் இருந்தோம். இன்னும் பத்து நிமிஷ ஆட்டம் பாக்கி. மாஸ்டர் கடிகாரத்தில் ஆறு நெருங்குவதைப் பார்த்துவிட்டு, ஆள் மாற்ற வேண்டும் என்று நான் உட்கார்ந்திருந்த ஸ்கோர் மேசைக்கு வந்து சொன்னார்.

நாற்காலியிலிருந்து தாளாளர் எழுந்து வேகமாக வந்தார். "மாஸ்டர், அந்தப் பையனை எடுக்காதீங்க. பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆளனுப்பிட்டேன்."

"வண்டியில உக்காந்திருக்கறவங்களுக்கு மேட்ச் இல்லீங்களே சார்" என்றார் மாஸ்டர். "அவிய ஊடு போய்ச் சேரோணும்."

"அப்ப என் கார் இருக்கு."

"போன தடவையும் இருந்துச்சுங்க."

தாளாளர் முகம் சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "உங்க ஃபைல் என் மேசை மேலதான் கெடக்கு. யோசிச்சுக்குங்க" என்றார். சும்மா இருங்கள் மாஸ்டர், பத்து நிமிஷம்தானே என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மாஸ்டர் ஒன்றும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோகராஜாவைக் கூப்பிட்டார்.

"கெளம்பு கண்ணு. டிரஸ் மாத்தாத, ஸ்வெட்டர மேல போட்டுக்க."

"சார், ஜெயிச்சிருவோம் சார். பத்தே நிமிஷம்."

"அப்பா நிக்கறாரு. போ."

அவன் அழுதுகொண்டேதான் மேட்டிலிருந்து இறங்கி ஓடினான். நிறுத்தி வைத்த பஸ்ஸையும் விட்டுவிடச் சொல்லி மாஸ்டர் கேன்டீன்காரரைப் பின்னாலேயே அனுப்பினார். எங்கள் சுவர் முடிந்த வரைக்கும் நின்றது. ஒரு புள்ளியில் தோற்றோம். கோவைப் பையன்கள் கோப்பையோடு குதித்துக்கொண்டிருக்க, மாஸ்டர் அவர்கள் பயிற்சியாளருக்குக் கை கொடுத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி வலையை அவிழ்க்க ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் அடக்க முடியாத கோபம். இரண்டு நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஃபைல் மேசையிலிருந்து எங்கே போனதோ தெரியாது. அடுத்த வருஷம் அதே கோப்பையை ஜெயித்தோம். பிறகு எத்தனையோ தடவை ஜெயித்தோம். மாவட்டத்தில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் தாளாளர் நடுவில் நிற்க ஒரு படம், மாஸ்டருக்கு ஒரு சால்வை, ஜூனில் ஒரு தற்காலிக உத்தரவு. கோவையில் ஒரு பெரிய கல்லூரி நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டது. போனவர் ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். "அங்க எல்லாப் பசங்களும் ஹாஸ்டலுங்க சார். யார மொதல்ல எறக்கறதுன்னே எனக்குத் தெரியல" என்றார். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

போன வருஷம் அவருக்குப் பிரிவு உபசார விழா. பழைய மைதானத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம். விழா அதன் கீழ்த்தளத்தில்தான். புதுத் தாளாளர், பழையவரின் மகன், மாஸ்டரை நம் கல்லூரியின் நிரந்தரச் சொத்து என்று புகழ்ந்தார். பேச்சிலாவது நிரந்தரமாக்கினார்களே என்று நானும் கை தட்டினேன். இப்போதைய அணி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. கல்லூரிக்கு இப்போது ஹாஸ்டலும் வேனும் இருக்கின்றன, நடு ஆட்டத்தில் எழுந்து ஓட வேண்டியவன் ஒருவனும் இல்லை.

பழைய பையன்களில் வந்தது யோகராஜா மட்டும்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். லீவ் போட்டுவிட்டு வந்திருந்தான். தலை நரைத்திருந்தது. முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கதை சொன்னான். அப்பா போய்விட்டார். லைனில் இருந்தவர்கள் எல்லோரும் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்து, ஓடும் சரிந்துவிட்டது. ஏற ஆளில்லாததால் ஆறு மணி வண்டியையும் நிறுத்திவிட்டார்களாம். மாஸ்டரிடமும் காலையிலேயே இதெல்லாம் சொன்னானாம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாராம்.

முதல்வரின் உரை நீண்டுகொண்டே போயிற்று. வெளியே இருட்ட ஆரம்பித்தது. மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மேடை விளிம்புக்கு வந்து குனிந்தார்.

"யோகு, டைமாச்சு. கெளம்பு கண்ணு."

யோகராஜா என்னைப் பார்த்தான். வண்டி இல்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்பதுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரிங்க சார்" என்று அவன் எழுந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காமல் குனிந்தபடியே, ஓட்டமும் நடையுமாக வெளியே போனான்.