மாமாவின் சூடும் பஸ்ஸில் வந்த ஆமையும்

என் தாய்மாமாவுக்கு உட்கார முடியாத வியாதி. மூலம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பெண்பிள்ளை காதில் விழக்கூடாது என்று என் முன்னால் மட்டும் அதைச் 'சூடு' என்பார்கள். வேறு வேலை என்றால் நின்றுகொண்டே சமாளித்திருப்பார். மாமாவோ பஸ் டிரைவர். அகரத்தில் ஏறி உட்கார்ந்தால் திண்டுக்கல் வந்துதான் எழுந்திருக்க முடியும். பழைய ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்து, அதைச் சீட்டில் போட்டுத்தான் வண்டி ஓட்டுவார். கோயிலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்க, அவர் மட்டும் கடைசித் தூணருகே கைகட்டி நிற்பார். கல்யாணமாகாத பையனுக்கு இவ்வளவு பக்தியா என்று ஊரில் மெச்சிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று திண்டுக்கல் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மாமா, ரத்தப் பரிசோதனைக்கு விரலில் குத்தினாலே மயங்கி விழுகிற ஆள்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தார். பிரித்தால், ஆமை. குளத்துக்கரைத் திருப்பத்தில் ஏதோ டிராக்டர் அதன் மேல் ஏறிவிட்டுப் போயிருக்கிறது. முதுகு ஓட்டின் பின்பக்கம் பிளந்து, ரத்தமும் சேறுமாக இருந்தது. மாமா பயணிகளோடு வண்டியை நிறுத்தி, இறங்கி, எடுத்து வந்திருந்தார்.

"ஏலே, யாராச்சும் ஆமைய வீட்டுக்குக் கொண்டாருவாங்களா?" என்று அம்மா வாசலிலேயே மறித்தாள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஜெபமாலை சொல்லாமல் அம்மா படுக்கமாட்டாள். இருந்தாலும் ஆமை என்றால் அவளுக்கும் ஊரோடு சேர்ந்த பயம்தான்.

"உள்ள வராதுக்கா. கொல்லையிலயே கெடக்கட்டும். பாவம், அடிபட்டுருக்கு."

அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு நாட்டு வைத்தியர், ஆமைக்கறி தின்றால் சூடு தணிந்துவிடும், கத்தியே வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அடிபட்ட ஆமையில் கெட்ட ரத்தம் நிற்குமாம். காயம் ஆறி, உடம்பு தேறிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டுமாம். ஆக, தின்பதற்காகவே மாமா அதைப் பிழைக்கவைக்கப் பாடுபட்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்த மாமா, லீவு நாளில் ஆமையைக் கூடையில் வைத்துக்கொண்டு சாணார்பட்டி மாட்டாஸ்பத்திரிக்குப் போனவர். மாடு கன்று பார்க்கிற டாக்டர் முதலில் சிரித்தாராம். பிறகு ஓட்டைக் கழுவி, மருந்து தடவி, பிளந்த இடத்தைச் சேர்த்துப் பிளாஸ்திரி போட்டார். காயம் ஆறும்வரை தண்ணீரிலேயே விடக்கூடாது, ஈரமில்லாத இடத்தில் வைத்துத் தினமும் கொஞ்ச நேரம் மட்டும் தண்ணீர் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மாமா அப்படியே செய்தார். விடிந்ததும் வாய்க்கால் ஓரம் குனிந்து நத்தை பொறுக்குவார். தனக்கு வைத்த முட்டையில் பாதியைப் பிய்த்துப் போடுவார். முதலில் ஓட்டுக்குள்ளேயே கிடந்த ஆமை, போகப் போக அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கழுத்தை நீட்டியது. "சாப்டியா அப்பு?" என்று அதனிடம் கேட்டுவிட்டுத்தான் டூட்டிக்குப் போவார். "எங்கிட்ட ஒருநா கேட்டிருக்கானா?" என்று அம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

ஓடு சேர்ந்து, பிளவு வெறும் தழும்பாகத் தெரியத் தொடங்கிய சமயம் தவக்காலம் வந்தது. "ஈஸ்டர் வரைக்கும் எங்க அடுப்புல கவுச்சி ஏறாது. அதுக்கப்பறமும் அந்தச் சட்டிய நாந் தொட மாட்டேன், நீயே ஆக்கிக்க" என்று அம்மா அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். சீக்கிரம் ஆக்கித் தா என்று மாமா சண்டை போடுவார் என எதிர்பார்த்தாளாம். அவர் "சரிக்கா" என்று போய்விட்டார்.

அந்தத் தவக்காலத்தில்தான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பங்குச்சாமியார், உங்கள் வீட்டில் என்ன நல்ல காரியம் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒருத்தி முறுக்கை விட்டிருந்தாள். இன்னொருவன் தம்பியை அடிப்பதை விட்டிருந்தான். நான் எழுந்து எங்கள் மாமாவையும் ஆமையையும் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன்.

குருத்து ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் அதை எடுத்துவிட்டார். "வாயில்லாச் சீவனுக்காக வண்டியை நிறுத்திய ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். உட்காரக்கூட மனமில்லாமல் ஆண்டவர் முன் நிற்கிறவர்" என்றார். பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. குருத்தோலைகளோடு மொத்தக் கோயிலும் கடைசித் தூணைத் திரும்பிப் பார்த்தது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில் மாமா, "வா மருமகளே, கொளத்துக்குப் போவோம்" என்றார். அந்த வருஷம் நல்ல மழை, கோடையிலும் குளத்தில் தண்ணீர் கிடந்தது. கரையில் நின்று ஆமையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தழும்பைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு என்னிடம் கொடுத்து, "நீயே விடு" என்றார்.

தண்ணீர் ஓரத்தில் வைத்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

"பயப்படுதா மாமா?"

"பயமாத்தான் இருக்கும். என்ன செய்ய, போய்த்தானே ஆவணும்."

மெல்லத் தலையை நீட்டியது. நாலு கால்களும் வெளியே வந்தன. சேற்றில் ஒரு தடம் இழுத்துக்கொண்டு வழுக்கி உள்ளே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. மாமா கண்ணும் கலங்கியிருந்தது. கேட்டால் வெயில் என்றார்.

ஈஸ்டர் முடிந்த கையோடு மாமா திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். அம்மாவோடு கஞ்சி கொண்டுபோனேன். குப்புறப் படுத்திருந்தார்.

"அம்புட்டுப் பெரிய காயத்தையே ஆத்துனீங்க, ஒங்க சூட்ட மட்டும் ஆத்திக்க முடியலையா மாமா?" என்றேன்.

மாமா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். "அக்கா, இவளக் கூட்டிட்டுப் போ. சிரிச்சா தையல் இழுக்குது" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்தார். மாமா கண்ணை இறுக மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நொறுங்கிவிடும் போலிருந்தது. ஊசிக்கே இவ்வளவு பயப்படுகிறவர் யார் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.