மாமல்லபுரத்தில் தற்செயலாக

என்னைப் பெண் பார்க்க வரப்போகிறவர்கள் வீட்டுக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட மாட்டார்கள் என்று தரகர் சொன்னபோது அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்கு முன் வந்த மூன்று மாப்பிள்ளை வீட்டாரும் பெண்ணைத்தான் வேண்டாம் என்றார்களே தவிர, பஜ்ஜியை ஒருவரும் குறை சொன்னதில்லை.

"அதுக்கில்லம்மா, அவங்க கொஞ்சம் மாடர்ன். வீட்டுக்கு வந்து பாக்கறது பொண்ணை அவமானப்படுத்தற மாதிரின்னு நினைக்கறாங்க" என்றார் தரகர்.

எனவே என்னை அவமானப்படுத்தாமல் பார்ப்பதற்கு மாமல்லபுரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள், காலை பத்தரை மணிக்கு, அர்ஜுனன் தபசுக்கு எதிரே, சுற்றிப் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் தற்செயலாகச் சந்திக்கும். பேர், ஊர், வேலை எதையும் யாரும் கேட்கக் கூடாது. பையன் பாங்க் ஆபீசர். கண்ணாடி போட்டு நீலச் சட்டையில் வருவான். பெண்ணைப் பிடித்துவிட்டால் பையனின் அம்மா அவளுக்குப் பூ வாங்கிக் கொடுப்பாள். பிடிக்காவிட்டால் பேசாமல் பஸ் ஏறிவிடுவார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த இடமாவது முடிந்துவிட வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. கல்யாணத்தின் மேல் ஆசை என்று சொல்ல முடியாது. காலனியில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட, "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்கிறவர்களிடமிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

அன்று விடியும்போதே மழை கொட்டியது. அப்பா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, ஆபீஸில் லீவு லெட்டரைத் திருப்பி அனுப்பும் முகத்தோடு, "மழைக்குப் பயந்து போகலைன்னா நமக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சுப்பாங்க" என்றார். பட்டுப்புடவையில் நான், ஏழு பேருக்குப் புளியோதரை கட்டிய தூக்கோடு அம்மா, மூவருக்கும் சேர்த்து ஒரே குடையோடு அப்பா என்று தாம்பரத்தில் பஸ் ஏறினோம்.

மாமல்லபுரம் எங்களை எதிர்பார்க்கவில்லை. சிற்பிகளின் பட்டறைகளில் உளிச் சத்தம் நின்றுபோய், பாதி செதுக்கிய பிள்ளையார்கள் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். லுங்கி கட்டிய வெள்ளைக்காரர்கள் வாடகை சைக்கிளில் நனைந்துகொண்டே சிரித்துக்கொண்டு போனார்கள். மழையில் சுற்றிப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் சங்கு மாலை விற்கிறவனிடமிருந்து தப்பி, புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளை தேடிப் போனோம்.

அர்ஜுனன் தபசுக்கு எதிரே நான்கு ஆடுகள் நின்றன. பக்கத்து மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கி ஒரு கணவன் மனைவி, கூடவே ஒரு பையன். கண்ணாடி இருந்தது. நீலச் சட்டையும் இருந்தது. மணியும் பத்தரை.

அப்பா மண்டபத்தின் கூரையைப் பார்த்து, "என்ன மழை, என்ன மழை" என்றார். தற்செயல் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தார்.

"ஆமா சார், ஒரே பேஜாரா கீது" என்றார் அந்த மனிதர்.

தரகர் சொன்னது கும்பகோணத்துக் குடும்பம். அப்பா அம்மாவின் காதில், "ரொம்ப வருஷமா மெட்ராஸ்ல இருக்காங்க போல. பேச்சு மாறிடுச்சு" என்றார். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட மனிதருக்கு எதுவும் தடையில்லை.

அம்மா தூக்கைத் திறந்தாள். அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். பிறகு ஆறு பேரும் ஒரே கூட்டமாக ஊர் சுற்றினோம். வெண்ணெய்ப் பந்துப் பாறையடியில் அம்மா வழுக்கி விழப் பார்த்தபோது, அந்தப் பையன் பிடித்து நிறுத்தித் தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டான். அதன்பின் நாள் முழுக்க நனைந்துகொண்டே நடந்தான். ஐந்து ரதத்தில் அப்பா எந்த ராஜா எதைக் கட்டினான் என்று மாற்றி மாற்றிச் சொன்னார். வேலையைக் கேட்கக் கூடாதே தவிரச் சொல்லக் கூடாது என்று இல்லையே என்று, நான் கணக்கு டீச்சர் என்பதை அம்மா நாலு தடவை சொன்னாள்.

"எனக்கு கணக்குன்னாலே அலர்ஜிங்க" என்றான் பையன், கல் யானையைத் தடவிக்கொண்டு.

பாங்க் ஆபீசருக்குக் கணக்கு அலர்ஜியா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவின் மகள்தானே நானும்.

கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் ஒரு பூக்காரி உட்கார்ந்திருந்தாள். பையனின் அம்மா என் தலையைப் பார்த்தாள். காலையில் வைத்த பூ மழையில் ஊறி, கசங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. "அய்ய, பூவெல்லாம் வீணாப் போச்சே கண்ணு" என்று இரண்டு முழம் முல்லை வாங்கி, தன் தலையிலிருந்த ஊசியை எடுத்துக் குத்தி, என் பின்னலில் வைத்துவிட்டாள். நனைந்த கூந்தலை ஒதுக்கி, புறங்கழுத்தைத் தன் முந்தானையால் துடைத்தும் விட்டாள்.

சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அதற்கு முன் என்னைப் பார்க்க வந்த பெண்களெல்லாம் பாடச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். ஒருத்தி கூந்தல் நிஜமா என்று இழுத்தே பார்த்தாள். தலை துவட்டி விட்டவள் இவள் ஒருத்திதான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப… நாள் பாத்துடலாமா சார்?" என்றார்.

"இன்னா நாளு சார்?"

அப்பா சிரித்தார். பையனின் அப்பா சிரிக்கவில்லை. தரகர், பாங்க், நீலச் சட்டை, பூ என்று ஒவ்வொன்றாக அப்பா சொல்லச் சொல்ல, அந்த மனிதரின் வாய் மெல்லத் திறந்தது.

"அட, அப்டியா சேதி. நாங்க சும்மா வந்தவங்க சார். கீழ்க்கட்டளைல சிமெண்ட் கடை. மழைல யாரு வூடு கட்டப் போறா? அதான் கடைய மூடிட்டு வந்தோம்."

அந்த அம்மாள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதனால இன்னா? எங்க புள்ளைக்கும் பாத்துகினுதான் கீறோம். இந்தப் பொண்ணு எனக்குப் புட்ச்சிருக்கு."

பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீங்க… எந்தப் பக்கம்?" என்றார்.

"பொறந்ததே கீழ்க்கட்டளைதான் சார்."

"அதில்ல. உங்க ஆளுங்க… பூர்வீகமா…"

அவருக்குப் புரிந்துவிட்டது. சொன்னார். அப்பா "ஓ" என்றார். காலை முழுக்கப் பேர்கூடக் கேட்காமல் இருந்த நாகரிகம் அந்த ஒரு எழுத்தோடு தீர்ந்துபோயிற்று. அம்மா குடையைத் திருப்பிக் கொடுத்தாள். மழை அப்போதும் விட்டபாடில்லை.

அசல் மாப்பிள்ளை வீட்டார் மழை என்று வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்பது மறுநாள் தரகர் சொல்லித்தான் தெரிந்தது. நல்ல வெயிலில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்து பஜ்ஜி சாப்பிட்டார்கள். பதில் எழுதுகிறோம் என்று போனார்கள்; எழுதவில்லை.

அன்று திரும்பும்போது செங்கல்பட்டு வழியாகத் தாம்பரம் போக ஒரே பஸ்தான் இருந்தது. அவர்களும் அதில்தான் ஏறினார்கள். காலையில், தெரிந்தவர்கள் என்று நினைத்தவர்களைத் தெரியாதவர்களாக நடத்தினோம். சாயங்காலம் நிஜமாகவே தெரிந்தவர்களைத் தெரியாதவர்களாக நடத்தினோம். இரண்டாவது நடிப்பு எங்களுக்கு இன்னும் நன்றாக வந்தது.

செங்கல்பட்டு தாண்டியதும் அப்பா தலையைத் திருப்பாமல் சொன்னார்: "அந்தப் பூவை எடுத்துடு."

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள் நான். எடுத்துவிட்டேன். ஊசியைக் கழற்றிப் பூவைக் கையில் சுருட்டி வைத்திருந்தபோது, மூன்று சீட்டுக்கு முன்னால் இருந்த அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, வாடிப் போச்சா?"

"ஆமாம்மா" என்றேன்.

முல்லை சாயங்காலத்தில் பூப்பது. என் கைக்குள் அது அப்போதுதான் விரிய ஆரம்பித்திருந்தது. பஸ் முழுக்க மணத்தது.