ஒரு ரெய்டு பாக்கி

டிவியில் மழையால் ஆட்டம் நின்றால் எங்கள் வீட்டில் எல்லாரும் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் மட்டும் உட்கார்ந்து, மைதானத்தில் விரித்த தார்ப்பாயை முறைத்துக்கொண்டிருப்பேன். "மழைக்கு யார் என்ன பண்ண முடியும்? டீ போடட்டுமா?" என்பாள் மனைவி. மழைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மழை யாரிடமும் சால்வை கேட்பதில்லை, மைக் பிடித்துப் பேசுவதுமில்லை. ஆனால் ஆட்டம் நிற்கிறது என்றாலே எனக்கு ஓசூர் மூக்கண்டப்பள்ளி மைதானமும் ஒரு வெள்ளைக் காரும் ஞாபகத்துக்கு வந்துவிடும். வந்துவிட்டால் அப்புறம் டீ இறங்காது.

பெங்களூர் ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் மதுரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்திருந்தேன். பெர்மனென்ட் ஆட்களுக்கு ஊதாச் சட்டை, பாக்கெட்டில் கம்பெனி பெயர். எங்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, முதுகில் கான்ட்ராக்டர் பெயர். மெஷின் ஒன்றுதான், கையில் ஒட்டும் ஆயிலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்களுக்கு லீவு. எங்களுக்கு ஞாயிறும் செகண்ட் ஷிஃப்ட் உண்டு. வராதவனை மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அந்த வருடம்தான் முதல்முறையாகக் கம்பெனி விளையாட்டு விழாவில் கபடிக்கு எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆள் போதவில்லை என்பதால் சேர்த்தார்கள், பெரிய மனசு ஒன்றும் இல்லை. ஜெயிக்கிற அணி கம்பெனி சார்பில் கிருஷ்ணகிரிப் போட்டிக்குப் போகும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கம்பெனி பெயர் போட்ட ஜெர்சி தருவார்கள் என்றும் அதில் இருந்தது. எங்கள் அணியில் பாடிப் போகிறவன், அதாவது ரெய்டர், பர்கூர்ப் பக்கத்துப் பையன். நான் குடியிருந்த லைன் வீட்டில் அடுத்த கதவு அவனுடையது. கல் குவாரியில் வேலை பார்த்த உடம்பு, பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு. அந்த நோட்டீஸை நின்று படித்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த ஜெர்சிய ஆட்டம் முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்குவாங்களாண்ணா?"

"ஜெயிச்சவன்கிட்ட யார்ரா திருப்பி வாங்குவா?" என்றேன். அன்றைக்கே அவன் மனதில் அது ஏறிவிட்டது. என் மனதிலும்தான். முதுகில் கான்ட்ராக்டர் பெயரைச் சுமக்கிறவன் ஒருநாளாவது நெஞ்சில் கம்பெனி பெயரைப் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி மைதானத்தில் இறங்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு அணியாகத் தட்டிவிட்டு எங்கள் பையன்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். எதிரில் பெர்மனென்ட் அணி. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிய வேண்டிய ஆட்டம். பெங்களூர் ஆபீஸிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து தொடங்கி வைப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் மேம்பாலத்துக் கீழே டிராஃபிக்கில் மாட்டியிருக்கிறார் என்று தகவல் வந்தது. இன்னும் மாட்டியிருக்கிறார் என்று மறுபடியும் வந்தது. கடைசியில் அவர் இல்லாமலேயே விசில் அடித்தார்கள். பார்க்க வந்த நாங்களெல்லாம் சாம்பல் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் முடிந்ததும் அப்படியே பஸ் ஏறினால் ஷிஃப்டுக்குச் சரியாக இருக்கும் என்பது கணக்கு.

மைதானத்தைச் சுற்றி வேலைக்கு ஆகாத கிரானைட் துண்டுகளைப் போட்டிருந்தார்கள். வெயிலில் அந்தக் கல் அடுப்பாகக் காயும். சுட்டாலும் பரவாயில்லை என்று ஒரே கல்லில் உட்கார்ந்திருந்தேன். அரையிறுதியில் அந்தக் கல்லில் உட்கார்ந்தபோது ஜெயித்தோம், அதனால் எழுந்திருக்கப் பயம். பக்கத்துக் கல்லில் அத்திப்பள்ளியிலிருந்து வந்துபோகும் ஒரு பெர்மனென்ட் ஆள். கன்னடக்காரர். அவர் அவருடைய அணிக்குக் கத்தினார், நான் என் அணிக்குக் கத்தினேன். நடுநடுவே அவர் கொண்டுவந்த கடலையை இரண்டு பேரும் தின்றோம். நல்ல ஆட்டம் பார்க்கும்போது எதிராளிகூட உறவுக்காரன் ஆகிவிடுகிறான்.

ஆட்டம் ஏறி இறங்கி, கடைசியில் சமமாக வந்து நின்றது. நடுவர் கையைத் தூக்கிக் கடைசி ரெய்டு என்று காட்டினார். எங்கள் பர்கூர்ப் பையன் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். "கபடி கபடி" என்று அவன் பாடுவது மட்டும்தான் மைதானத்தில் கேட்டது. இடது மூலைக்குப் போவதுபோலப் போய், சட்டென்று திரும்பி, பெர்மனென்ட் அணி கேப்டனின் தோளைப் பார்த்துக் கையை வீசினான். கை போனதைப் பார்த்தேன். பட்டதா, படவில்லையா, அது தெரியவில்லை. அதற்குள் அவன் திரும்பி ஓடிவந்தான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. நடுக்கோட்டுக்கு ஓரடிதான் இருந்தது. நான் கல்லைவிட்டு எழுந்துவிட்டேன்.

விசில்.

வெள்ளைக் கார் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டது. விழாக் கமிட்டி ஆள் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு களத்துக்குள் ஓடினார். அவரைப் பார்த்த நடுவர் விசிலை ஊதிவிட்டார். பாடிக்கொண்டிருந்தவன் மூச்சை விட்டுவிட்டு முழித்தான்.

"ஆட்டம் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்" என்று மைக்கில் சொன்னார்கள். அந்த ரெய்டு செல்லாது, விழா முடிந்ததும் திரும்பப் பாட வேண்டும் என்றார் நடுவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொண்டை வரைக்கும் வந்த கத்தல் வெளியே வராமல் அங்கேயே நின்றது, வந்த தும்மல் வராமல் போனமாதிரி. தட்டத் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த மனிதர் கார் கதவைத் திறக்காமல் இன்னும் அரை நிமிஷம் உட்கார்ந்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? மேம்பாலத்துக்கு அடியில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவர்தானே.

"பேக்கா இது?" என்றார் அத்திப்பள்ளிக்காரர். இது தேவையா என்று அவருடைய மொழியில் கேட்கிறார். அவர் அணி தோற்றுப்போக இருந்த நேரம், அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் முகமும் சிவந்துதான் இருந்தது. கடலைப் பொட்டலத்தைக் கசக்கித் தரையில் போட்டார்.

பெரியவர் இறங்கினார். சால்வை, மாலை, ஃபோட்டோ. ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்திக் கை கொடுத்தார். எங்கள் பையன்கள் உடம்பெல்லாம் செம்மண். கை கொடுத்து முடித்ததும் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீஃபை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அப்புறம் மேடையேறி மைக்கைப் பிடித்தார். விளையாட்டு நமக்குக் கற்றுத்தருவது நேரம் தவறாமை என்று ஆரம்பித்தார். கேலி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார்.

அப்போதுதான் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. ஷிஃப்டுக்கு எங்களை ஏற்றிப்போகும் பஸ். எங்கள் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மைதானத்து ஓரத்தில் வந்து நின்று, வாங்க வாங்க என்று கை காட்டினார். பர்கூர்ப் பையன் பஸ்ஸைப் பார்த்தான், நடுக்கோட்டைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான். நேரம் தவறாமை இன்னும் முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எழுந்து நின்று கத்தினேன்.

"அய்யா, அரை நிமிசந்தான்யா. ஒரே ஒரு ரெய்டு. அத முடிச்சிட்டுப் பேசுங்கய்யா."

மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே, "இந்த ஆர்வம்தான் வேண்டும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சிலர் கைகூடத் தட்டினார்கள். என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், அடிக்கவும் வந்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அளவுக்கு எதுவும் என்னை அவமானப்படுத்தியதில்லை.

சூப்பர்வைசர் வந்து என் தோளைப் பிடித்தார்.

"நாளைக்கு உள்ள வரணுமா வேணாமா நீ?"

"ஒரு ரெய்டுதாண்ணே பாக்கி. அவன் ஒருத்தன் மட்டும் இருந்து பாடிட்டு வரட்டும். மத்தவங்க போறோம்."

"வண்டி யாருக்காகவும் நிக்காது. லைன் காலியா கெடந்தா என் தலதான் உருளும். ஏறு."

அவரையும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பையன்கள் ஒவ்வொருவராகக் களத்திலிருந்து வெளியே வந்து, மண்ணைத் தட்டாமலே சாம்பல் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். கடைசியாக வந்தவன் பர்கூர்ப் பையன். நாங்கள் ஏறியதும் பஸ் கிளம்பிவிட்டது. சிப்காட் திருப்பத்தில் திரும்பும்போது ஸ்பீக்கர் சத்தம் எங்கள் முதுகுப்பக்கம் வந்தது. எதிரணி களத்துக்கு வராத காரணத்தால் பெர்மனென்ட் அணி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படுகிறது.

வராத காரணத்தால். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பஸ் முழுக்கப் புலம்பினேன்.

அந்தக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்றே சொல்ல முடியாது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் நடக்கும்போது போகும். லைன் வீட்டில் எல்லாரும் வெளியே வந்து, கரண்ட் ஆபீஸை ஏழு தலைமுறைக்கும் திட்டுவோம். ஆனாலும் அந்தக் கோபத்தில் ஒரு நிம்மதி உண்டு. நாம் பார்க்காவிட்டாலும் ஆட்டம் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது, காலையில் டீக்கடைப் பேப்பரில் முடிவு வந்துவிடும். இந்த ஆட்டத்துக்கு அப்படி ஒரு பேப்பர் கிடையாது. அந்த ரெய்டு எங்கேயும் நடக்கவில்லை, யாரைக் கேட்டாலும் முடிவு தெரியாது. கபடி பார்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

மறுநாளிலிருந்து மெஷின் ஷாப்பில் இதே பேச்சுதான். கை பட்டது என்று ஒரு கூட்டம், படவில்லை என்று ஒரு கூட்டம். அத்திப்பள்ளிக்காரர் என்னைத் தேடிவந்து, அறிவிப்பு வந்தபோது அவர்கள் பக்கத்தில்கூடச் சரியாக யாரும் கை தட்டவில்லை என்று சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தெரிந்தது, ஆனால் எனக்கு ஆறவில்லை. பர்கூர்ப் பையனிடமே கேட்டேன். "பட்டுச்சாடா இல்லையாடா? நீயாச்சும் சொல்லு."

"அதான் விசில் அடிச்சிட்டாங்களேண்ணா" என்றான்.

அந்த வாரத்திலேயே ஒருநாள், கேன்டீனில் சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவும் குழாயடியில் நின்றோம். முன்னால் பர்கூர்ப் பையன், அவனுக்குப் பின்னால் நான். பக்கத்துக் குழாயில் பெர்மனென்ட் அணி கேப்டன் வந்து நின்றார். எங்களைவிட மூத்தவர், நல்ல ஆட்டக்காரர். அவரை நாங்கள் எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பையனிடம் குனிந்து பேசினார்.

"தொட்டுட்டடா நீ. தோள்ல நல்லாவே பட்டுச்சு. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்ணா" என்றான் பையன், தட்டைக் கழுவிக்கொண்டே.

அவ்வளவு நாள் அந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் செத்துக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் கோபம் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு மடங்கு ஏறியது.

"இத அன்னைக்கு மைக்ல சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"எங்க முடியுது தம்பி, கப்பு குடுக்கற நேரத்துல... அவ்வளவு பெரியவங்க எல்லாம் நிக்கறப்ப எப்பிடிச் சொல்றது?" என்றார். நல்ல மனிதர்தான். முகம் வாடித்தான் இருந்தது. அப்புறம் பையனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஒன்று சொன்னார். "ஜெர்சி வந்துருச்சுடா, நல்லா இருக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரில மேட்ச். நீ கண்டிப்பா வரணும். நீ வந்து கத்துனா எங்களுக்குத் தெம்பா இருக்கும்."

பையன் தட்டை உதறினான்.

"ஞாயிறு செகண்ட் ஷிஃப்ட் இருக்குதுண்ணா" என்றான். குரலில் கோபம் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். தட்டை அடுக்கில் வைத்துவிட்டு மெஷின் லைனுக்குப் போய்விட்டான்.

கேப்டன் அப்படியே நின்றார். அவர் தட்டின்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பையன் போன இடத்தில் குழாய் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அவர் முன்னாலேயே போய் நின்றேன்.

"தள்ளுங்க, தட்டுக் கழுவணும்" என்றேன். அண்ணா என்று சொல்லவில்லை. அந்தக் கம்பெனியில் இருந்தவரைக்கும் அதற்குப் பிறகு ஒருமுறைகூட நான் அவரை அப்படிக் கூப்பிடவில்லை.