ஆறு வருசத்துக்கும் பூச்சியம்

நோர்வேயில் தாதியாக வேலை செய்பவருக்கு இரண்டு வயது உண்டு: ஒன்று தாய் பெற்ற நாளிலிருந்து எண்ணுவது, மற்றது சம்பளக் கந்தோர் எண்ணுவது.

இரண்டாவதற்கு இங்கே அன்சியனிதெத் என்று பெயர். எத்தனை வருசம் இந்தத் தொழிலில் இருந்தீர்கள் என்ற கணக்கு. அது ஏறினால்தான் சம்பளம் ஏறும். ஊரில் படித்து, ஊரில் உத்தியோகம் பார்த்து, இங்கே வந்து எல்லாவற்றையும் 'அ'னாவிலிருந்து தொடங்கிய உங்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. வாத்தியாராக இருந்து கோப்பை கழுவியவர்களும், கணக்காளராக இருந்து பஸ் கழுவியவர்களும் இதை வாசிக்கும்போது பல்லைக் கடிப்பீர்கள். கடியுங்கள். நானும் ஐந்து வருசம் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் சம்பளத் தாள்

மன்னாரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு வருசம் தாதியாக இருந்தவள் நான். கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்தேன். மொழி படித்தேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்றேன். உதவியாளராக வயதானவர்களைக் குளிக்க வார்த்தேன். மேலதிகப் படிப்பும் படித்து முடித்து, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில்தான் நோர்வேயில் தாதியாக வேலை செய்யும் அனுமதிப் பத்திரம் கைக்கு வந்தது. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலையும் கிடைத்தது. முதல் சம்பளத் தாளைப் பிரித்தால், அன்சியனிதெத் இரண்டு வருசம் என்று இருந்தது. ஆறு என்று இருந்தால் விளங்கும். ஒன்றுமே இல்லை என்றாலும் விளங்கும். இது என்ன இரண்டு?

சம்பளக் கந்தோரில் பென்தே என்றொரு பெண். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். தாளைப் பார்த்துவிட்டு, "இது நீ பிள்ளைகளோடை வீட்டிலை இருந்த காலம். அதையும் சேவைக்காலமா எடுக்கலாம் எண்டு விதி இருக்கு" என்றாள். நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. "அப்ப மன்னாரிலை பார்த்த ஆறு வருசம்?" என்று கேட்டேன். அந்த இடத்தில் பூச்சியம் போட்டிருப்பதை விரலால் தொட்டுக் காட்டினாள். வீட்டில் இருந்த இரண்டு வருசமும் நான் புட்டு அவித்தேன், நப்பி மாற்றினேன். மன்னாரில் பிரசவம் பார்த்தேன், ஷெல் துண்டு பட்ட காயத்துக்கு மருந்து கட்டினேன், மின்சாரம் இல்லாத வாட்டில் சேலைன் ஏற்றினேன். இதில் எது தாதி வேலை என்று கேட்டேன். பென்தே கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி ஆறுதலாகச் சொன்னாள்: "பிள்ளை வளர்த்தது நோர்வேயிலைதானே, ஜெசிந்தா."

பெரிய பூச்சியம்

ஒரே நகரம்தான். ஆனால் ஒஸ்லோவில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிர்வாகம், ஒவ்வொரு நிர்வாகத்துக்கும் தனிக் கை. சுரங்க ரயிலில் சில தரிப்பு தள்ளிப் போனால் அங்கேயும் ஒரு முதியோர் இல்லம், அங்கேயும் அதே மாதிரிக் கட்டில், அதே மாதிரி மருந்து வண்டில். ஆனால் தாதிக்கு ஆரம்பச் சம்பளம் எங்களைவிட இரண்டு படி கூட. ஏன் என்று யாருக்கும் தெரியாது. பேப்பரில் விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மேலாளர் உயரமான, நல்ல மனுசன். கோப்பி ஊற்றித் தந்தார். என் கடிதத்தை வாசித்துவிட்டு, மன்னார் ஆறு வருசத்தைத் தங்களாலும் எடுக்க முடியாது என்றார். அதோடு அது அறுபது வீத வேலை. முழுநேரமாக்க மூன்று வருசமும் ஆகலாம், முப்பதும் ஆகலாம். அப்போ எனக்கு என்ன லாபம் என்று கேட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "எங்கடை பூச்சியம் உங்கடை பூச்சியத்தை விடப் பெரிசு!"

பிலோமினாவின் வடக்கு

பிலோமினாவும் நானும் ஒரே பயிற்சிக் கல்லூரி, ஒரே வருசம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவள் கலியாணம் முடித்துப் போனது நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன்பிடிப் பட்டினத்துக்கு. அங்கே தாதிமார் வருவதில்லை, வந்தாலும் இருப்பதில்லை. அதனால் அவளுடைய ஊர் அனுபவத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் முழுதாக எடுத்துக்கொண்டார்கள். மேலே ஒரு தொகை கூட்டிக் கொடுத்தார்கள். வரியிலும் சலுகை. ஒரே தராதரப் பத்திரம், ஒரே அரசாங்கம். வடக்கே போனால் அது அனுபவம், ஒஸ்லோவில் அது காகிதம்! இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நெஞ்சுக்குள் நெருப்பு.

என் கணவர் அன்ரன் பஸ் ஓட்டுபவர். "பஸ் எங்கையும் ஓடும், வெளிக்கிடுவம்" என்றார். இருவரும் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தோம். மாரிக் குளிரில் இரண்டு மாதம் சூரியன் எட்டியும் பார்க்காத இடம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, கோயில், கூட்டாளிகள் எல்லாம் இங்கே. பிலோமினாவுக்குப் போன் எடுத்து, "உண்மையைச் சொல்லு, வரட்டோ?" என்று கேட்டேன். சொன்னாள்: "சம்பளம் திறமடி. ஆனால் ஒருத்தரோடை தமிழ் கதைக்க வேணுமெண்டால் ரெலிபோன்காரனுக்குக் காசு கட்ட வேணும்."

நாங்கள் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டோம்.

கோடைக்கு வந்த மாலின்

யூலை மாதம் வந்தால் நோர்வேயில் முக்கால்வாசிச் சனம் லீவில் போய்விடும். நோயாளிகள் போவதில்லை. அந்த இடைவெளிக்கு, தாதிமாரை வாடகைக்கு அனுப்பும் முகவர்களிடம் எங்கள் இல்லம் ஆள் எடுக்கும். அப்படி வந்தவள் மாலின் என்ற சுவீடன்காரப் பிள்ளை. படித்து முடித்து ஒரு வருசம். வந்த மூன்றாம் நாள் ஊல்சன் என்ற கிழவருக்கு நாளத்தில் மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. மாலின் இரண்டு தரம் குத்தினாள், சரிவரவில்லை. அழுகிற முகத்தோடு என்னைத் தேடி வந்தாள். நான் போய் அவருடைய கையைச் சுடுதண்ணித் துணியால் சுற்றி வைத்து, ஐந்து நிமிசம் பொறுத்து, ஒரே தரத்தில் ஏற்றினேன். சுடுதண்ணித் துணி நோர்வேயில் படித்ததில்லை. மன்னாரில் ஊசிக்குத் தட்டுப்பாடு. ஒரு ஊசியையும் வீணாக்க முடியாது. அங்கே பழகியது.

கோப்பி நேரத்தில் மாலின் தானாகவே தன் சம்பளத்தைச் சொன்னாள். இந்த நாட்டில் மற்றவரின் சம்பளத்தைக் கேட்பது மரியாதை இல்லை. மணிக்கு எனக்குக் கிடைப்பதன் இரண்டு மடங்குக்குக் கிட்ட. தங்குவதற்கு அறையும் இலவசம். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு விளங்கிவிட்டது. அவளில் எனக்குக் கோபம் இல்லை. கள்ளம் இல்லாத பிள்ளை. அவள் சொன்னதை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன்: "எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஆனால் வேண்டாம் எண்டு சொல்லுற அளவுக்கு இல்லை."

ஊல்சனின் கேள்வி

அந்த ஊல்சன் நாற்பது வருசம் ட்ராம் ஓட்டியவர், பழைய தொழிற்சங்கக்காரர். உடம்பு விழுந்தாலும் காது விழவில்லை; நாங்கள் கட்டிலுக்கு மேலாகக் கதைப்பதெல்லாம் அவருக்குக் கேட்கும். ஒருநாள் கட்டுப் பிரிக்கும்போது என் ஆறு வருசத்தைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். தான் வேறொரு நகரத்தில் ட்ராம் ஓட்டிய காலத்தையும் ஒஸ்லோவில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கணக்கில் எடுத்தார்கள் என்றார். பிறகு என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உன்ரை ஊர்ச் சனத்துக்கு ரத்தம் வேறை பாதையாலையோ ஓடுது?"

சுதாவின் தாள்

தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சுதாவைச் சந்தித்தேன். சென்னைப் பிள்ளை. கணவர் கம்ப்யூட்டர் வேலையில் வந்தவர். இவளும் தாதி, ஒஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. நான் 'கதைக்கிறது' என்று சொல்லும்போதெல்லாம், "அக்கா, எனக்கு நீங்க கதை சொல்லப் போறீங்கன்னே தோணுது" என்று சிரிப்பாள். பேச்சுவாக்கில், சென்னையில் அவள் பார்த்த நான்கு வருசமும் இங்கே கணக்கில் வந்திருக்கிறது என்றாள். தேத்தண்ணி எனக்குப் புரையேறியது. அப்போ விதி இடம் கொடுக்கிறது! கொடுக்காதது என்னுடைய கந்தோர்!

என்னத்தைக் காட்டினாய் என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு பிரதி எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். தனியார் ஆஸ்பத்திரியின் பளபளப்பான தாள், நீல முத்திரை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, 'முழுநேரம், நூறு வீதம்' என்று தடித்த எழுத்து. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தாள் இருந்தால் முத்திரை இராது, முத்திரை இருந்தால் மை இராது. இப்படியொரு கடிதம் எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "ஹெச்.ஆர்.ல கேட்டா என்ன வேணும்னாலும் அடிச்சுக் கொடுப்பாங்க அக்கா."

மேற்றனின் பதில்

எங்கள் இல்லத்தின் தொழிற்சங்கப் பிரதிநிதி காரி என்ற தாதி. அவளிடம் போனேன். ஐந்து வருசமாக நான் கேட்டதெல்லாம் வாயால் கேட்டது, ஒன்றுகூட எழுத்தில் இல்லை என்று தெரிந்ததும் தலையில் கை வைத்தாள். அன்றைக்கே இருவரும் இருந்து விண்ணப்பம் எழுதினோம். அன்ரனின் தம்பி மன்னாரில் ஆஸ்பத்திரிக்கு அலைந்து கடிதம் எடுத்து அனுப்பினார். ஆறு வருசம் நான் வேலை செய்தது உண்மை என்று அங்கே தாதிமாருக்குத் தலைவியான மேற்றன் எழுதியிருந்தா. இடப்பெயர்வில் இரண்டு வருசத்துப் பதிவேடு தொலைந்துபோனதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தா. பென்தே அதை வாசித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். வேலை எத்தனை வீதம் என்று கடிதத்தில் இல்லையாம்.

திரும்பவும் அன்ரனின் தம்பி, திரும்பவும் ஆஸ்பத்திரி. சண்டை மறுபடி தொடங்கிய நேரம். பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தது. ஒரு வீதத்துக்காக ஒரு மனுசன் சோதனைச் சாவடிகளில் நின்றார். பதில் வர நான்கு மாதம். ஆங்கிலத்தில், கையெழுத்தில், மூன்றே வரி. நான் ஒரு சொல்லும் மாற்றாமல் நோர்வேஜியனில் எழுதிக் கொடுத்தேன்: "இந்த ஆஸ்பத்திரியில் எவரும் வீதத்தில் வேலை செய்வதில்லை. ஷெல் விழுந்த நாட்களில் ஜெசிந்தா வீட்டுக்கே போகவில்லை. அதற்கு உங்கள் நாட்டில் எத்தனை வீதமோ, அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்."

கூட்டம்

கடைசியில் கூட்டம் வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பென்தேயும் எங்கள் பிரிவுத் தலைவி தூருனும். இந்தப் பக்கம் காரியும் நானும். பென்தே மேற்றனின் மூன்று வரியைச் சத்தமாக வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, பதிவேடு தொலைந்த இரண்டு வருசத்தை விட்டுவிட்டு நான்கு வருசம் தரலாம், அதுவும் இன்றிலிருந்து என்றாள். காரி வாய் திறக்க முன்னம் நான் எழும்பிவிட்டேன். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பழகிய பணிவான வசனமெல்லாம் பறந்து போனது. "பதிவேடுதான் தொலைஞ்சது. நான் தொலையேல்லை. இந்தா, உங்களுக்கு முன்னாலை நிக்கிறன்" என்றேன். தூருன் மெதுவாக, பத்து மணி மருந்துக்கு நேரமாகிறது, வாட்டில் ஆள் இல்லை என்றாள். "மன்னாரைக் கழிச்சுப்போட்டால் நான் அனுபவம் குறைஞ்ச ஆள்தானே. ஆறுதலா, மெல்லமாத்தான் வருவன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் இருந்தேன். காரி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து பையைத் தேடினாள்.

அன்றைக்கு ஒன்றும் முடியவில்லை. காரி அதைச் சங்கத்தில் மேலே கொண்டுபோனாள். ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது: ஆறு வருசமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் சம்பள உயர்வு எழுத்தில் விண்ணப்பம் வந்த நாளிலிருந்து மட்டும். அதற்கு முந்திய ஐந்து வருசத்துக்கு ஒன்றும் இல்லை. அன்ரன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த நாள் கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் பென்தேயைக் கண்டேன். மனம் நிறைந்த சந்தோசத்தோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு உண்மையிலேயே விளங்காத முகத்தோடு கேட்டாள்: "இவ்வளவு காலமும் ஏன் நீ கேக்கேல்லை, ஜெசிந்தா?"

நோர்வேயில் தாதி வேலைக்கு மொழியும் பொறுமையும் வேணும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். சம்பளம் கேட்கப் போகும்போது மொழியைக் கொண்டுபோங்கள், பொறுமையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.