பல் கட்டிய தட்டு

பல் மாஸ்டரை நீங்கள் பார்த்திருக்க வழியில்லை. அவர் செய்த பல் உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கும், அவ்வளவுதான். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுத்து அனுப்புவார். நாலு தெரு தள்ளி, ஒரு மாடியறையில் தூசிக்கு நடுவே உட்கார்ந்து, பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகையால் அடுக்கி, உலையில் சுட்டுப் பல்லாக்குவது இவர். நன்றி, பழக்கூடை, புத்தாண்டு வாழ்த்து எல்லாம் டாக்டருக்கு. "எது கட்டின பல்லுன்னே தெரியலையே" என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தால் போதும், மனிதருக்கு இரண்டு நாள் தலைகால் புரியாது. தெரிந்துவிட்டால் அது பல்லே இல்லை, சட்டைப் பொத்தான் என்பார். இருபத்தாறு வருஷமாக இதே கொள்கை.

இப்படிப்பட்டவருக்குத் துருக்கித் தட்டுப் பைத்தியம் பிடித்ததும் பல்லால்தான். பழைய சாமான் கடைக்கு மேசை விளக்கு வாங்கப் போனவர், கடைக்காரர் சாவிக்கொத்து போட்டு வைத்திருந்த தட்டைப் பார்த்தார். வெள்ளைத் தரையில் நீலக் கொடி, பச்சை இலை, நடுவில் ஒரு பூ, எல்லாம் கையால் வரைந்தது. விளிம்பில் ஒரு துண்டைக் காணோம். மற்றவர்களுக்கு அது உடைந்த தட்டு. இவருக்கு அது முன்பல் விழுந்த வாய்.

"இது துருக்கியிலேர்ந்து வந்தது, ரொம்பப் பழசு. விளிம்பு உடைஞ்சிடுச்சு, அதான் சாவி போட்டிருக்கேன்" என்றார் கடைக்காரர். பல் மாஸ்டர் விளக்கை மறந்துவிட்டுத் தட்டோடு வீடு வந்து சேர்ந்தார்.

அன்று பிடித்த சனி. முழுத் தட்டுக்கெல்லாம் வசதியானவர்கள் இருக்கிறார்கள். பல்லுப்போன தட்டாகப் பார்த்துப் பார்த்து இவர் சேர்த்தார். கூடத்துச் சுவர், மாடிப்படி, துணி அலமாரியின் தலை என்று பத்தொன்பது ஏறிவிட்டன. இவர் மனைவிக்குத் தபால் நிலையத்தில் பார்சல் வாங்கிப் பதிகிற வேலை. புதுப் பெட்டி வந்தால் கையில் தூக்கிப் பார்த்தே, "இன்னொரு நோயாளியா? எத்தனை பல்லு போயிருக்கு?" என்று கேட்பாள். அவளுடைய அண்ணன் இன்னும் ஒரு படி மேல். "மாப்பிள்ளை மனுஷங்களுக்குக் கட்டி முடிச்சிட்டார், இனி பாத்திரங்களுக்கு" என்று கல்யாண வீடுகளில்கூட ஆரம்பித்துவிடுவார்.

பத்தொன்பதாவதுதான் அழகி. டியூலிப் பூக்கள் விசிறி போல் விரிந்த, நானூறு வயசுத் தட்டு. கட்டைவிரல் அகலத்துக்கு விளிம்பு போய், அதோடு ஒரு பூவின் சிவப்பு நுனியும் போயிருந்தது. போன துண்டைப் பீங்கான் பொடியில் செய்தபோது வெள்ளை சரியாக வந்தது, நீலம் வந்தது, சிவப்பு மட்டும் பிடிகொடுக்கவில்லை. அந்தக் காலத்துத் துருக்கிக்காரர்கள் வைத்த சிவப்பு லேசாக மேடு தட்டியிருக்கும், விரலை ஓட்டினால் தெரியும். நாலு மாதம் உலையோடு மல்லுக்கட்டினார். ஒருநாள் செங்கல் நிறம், ஒருநாள் பீட்ரூட். கடைசியில் செயற்கை ஈறுக்குப் போடுகிற பொடியில் ஒரு சிட்டிகை கலந்தார், அச்சு அசலாக வந்துவிட்டது. துண்டை ஒட்டிவிட்டு மறுநாள் காலை எழுந்து பார்த்தால், எங்கே ஒட்டினோம் என்று அவரே தேட வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து, நகரத்து அருங்காட்சியகம் துருக்கிப் பீங்கான் கண்காட்சி வைக்கப்போவதாக அறிவித்தது. வீட்டில் வைத்திருப்பவர்கள் படமும் படிவமும் அனுப்பலாம். படிவத்தில் ஏழாவது கேள்வி: பழுது பார்க்கப்பட்டதா? பல் மாஸ்டர் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஆம் என்று போட்டால் தட்டை எடுக்க மாட்டார்கள் என்ற பயம் ஒரு பக்கம். தன் வேலையைத் தானே காட்டிக்கொடுக்கிற மாதிரியும் இருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார். பொய் என்று தெரிந்தேதான் போட்டார், இதில் நான் பூசி மெழுக ஒன்றுமில்லை.

தட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்குள் தன் தட்டு போகிறதென்று மனிதருக்கு வாயெல்லாம் பல். மைத்துனர் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போக வேனே பிடித்துவிட்டார். அப்புறம்தான் இரண்டாவது கடிதம் வந்தது: வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்து, தட்டைப் புற ஊதா விளக்கில் சோதிப்பார்.

"என்னங்க, கடுதாசியைப் பிடிச்சுக்கிட்டு முகத்துல ஈயாடலையே?"

"அந்த விளக்குல நிஜப் பல்லு லேசா ஒளிரும். கட்டின பல்லு ஒளிரலைன்னா வாயில ஓட்டை மாதிரி கறுப்பாத் தெரியும். அதனால எங்க பொடியிலயே ஒளிர்றதுக்கும் சேர்த்திருப்பாங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒட்டின துண்டும் அதே பொடிதான். வியாழக்கிழமை பத்து மணிக்கு என் தட்டு பல்லை இளிக்கும்."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏழாவது கேள்விக்கு என்ன எழுதினார் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. "ஒட்டினதுல தப்பே இல்லைங்க. இல்லைன்னு எழுதினீங்க பாருங்க, அது தப்பு. போன் பண்ணிச் சொல்லிடுங்க."

மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும், அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை சரியாகப் பத்துக்குப் பொறுப்பாளர் அம்மாள் வந்துவிட்டார். கையுறை மாட்டி, பூதக்கண்ணாடி வைத்து, விளிம்பைச் சுற்றி இரண்டு முறை பார்த்தார். "இவ்வளவு வயசுல ஒரு கீறல்கூட இல்லையே சார், அதிர்ஷ்டம்தான்" என்றார். கேட்பதற்கு இருபத்தாறு வருஷமாக ஏங்கிய பேச்சு, கேட்டதும் நெஞ்சில் குத்தியது. அம்மாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பையிலிருந்து விளக்கை எடுத்தார்.

"மேடம், விளக்கைப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். படிவத்துல பொய் எழுதிட்டேன். இது நான் ஒட்டினது" என்று விரலை வைத்துக் காட்டினார். பொறுப்பாளர் விளக்கைப் போட்டார். மங்கிக் கிடந்த தட்டின் விளிம்பில் ஒரே ஒரு துண்டு பளிச்சென்று வெளுத்து நின்றது. தட்டு நிஜமாகவே சிரித்தது.

"ஏன் இல்லைன்னு போட்டீங்க?"

"கட்டினது தெரியாம செய்யறதுதான் மேடம் என் தொழில். தெரிஞ்சா அது தோல்வி."

"முழுத் தட்டுங்க வரிசையில இதை வைக்க முடியாது. அது எங்க விதி." பல் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். வேனை ரத்து செய்யச் சொல்ல வேண்டும், மைத்துனர் ஆயுசுக்கும் விடமாட்டார் என்று மனசு கணக்குப் போட்டது. அம்மாள் விளக்கை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். "இந்தச் சிவப்பு எப்படிங்க வந்தது? எங்ககிட்ட இருக்கிற ஒட்டுத் தட்டெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. செங்கல், பீட்ரூட், ஈறுப்பொடி என்று ஒரு மணி நேரம் பேசினார். வெட்கப்பட வேண்டும் என்பதே மறந்துவிட்டது. பொறுப்பாளர் கிளம்பும்போது வேறொரு படிவத்தைக் கொடுத்து, "இதை உண்மையா நிரப்புங்க. பழுது பார்த்தவர் பேரையும் மறக்காம எழுதுங்க" என்றார்.

கண்காட்சியில் அந்தத் தட்டுக்குத் தனி அறை, திரை போட்டு இருட்டாக்கியது. முன்னால் ஒரு பொத்தான். அழுத்தினால் ஊதா விளக்கு எரிந்து விளிம்புத் துண்டு மட்டும் ஒளிரும். பக்கத்தில் அட்டை: வரைந்தவர் பெயர் தெரியவில்லை. பல் கட்டியவர் என்று போட்டு இவர் பெயர், இனிஷியலோடு. பல் மாஸ்டர் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் அதை மூன்று முறை படித்தார். வேனில் வந்த மைத்துனர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக வாயடைத்து நின்றார்.

முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தட்டைக் குனிந்து பார்த்து, "எது புதுசுன்னே தெரியலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். துண்டு ஒளிர்ந்தது. பல் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"நான் செஞ்சதுங்க" என்றார்.

சொல்லிவிட்டு அவருக்கே கண் கலங்கியது. அடுத்து வந்தவரிடமும் சொன்னார். அதற்கடுத்தவரிடமும் சொன்னார்.

"பதினேழு பேர்கிட்டச் சொல்லிட்டீங்க, போதும், வாங்க வீட்டுக்குப் போகலாம்" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். பதினெட்டாவதாக ஒருவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பல் மாஸ்டர் நகரவில்லை.