காலியாகக் கிடக்க வேண்டிய டேம்

ஜோசப்ராஜ் மேல் கோவிந்தராஜுக்கு நாலு வருஷமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. தெருவே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆளை இவன் ஒருத்தன் மட்டும் திட்டினால் யார் காதில் ஏறும்? கட்டின பெண்டாட்டி ரேணுகாவே, "கொழாய்ல தண்ணி வர்றது உனுக்குக் கசக்குதா?" என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். கள்ளிக்குப்பத்துக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது அவர்கள் தெரு. மேட்டு மழைத்தண்ணீர் மொத்தமும் அங்கேதான் வந்து விழும். அதைத் தடுக்கத் தெருவுக்கு மேல்புறம் மண்கரை போட்டு ஓர் அணை கட்டினார்கள். தெருவில் அதற்குப் பெயர் டேம். பெரிய மழையை உள்ளே வாங்கிக்கொண்டு, கரைக்கு அடியில் இருக்கிற குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்வாயில் விடும். மற்ற நாளில் காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடப்பதுதான் அதன் வேலை என்று கட்டின மேஸ்திரி எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டுப் போனான். கோவிந்தராஜ் கேட்டான். ஜோசப்ராஜும் பக்கத்தில் நின்று கேட்டார்.

ஜோசப்ராஜ் திண்டுக்கல் பக்கத்து ஆள். ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்து, குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். ரிடையர் ஆன கையோடு இந்தத் தெருவில் வீடு கட்டினார். அப்புறம் வந்த கரை, அவர் வீட்டுக்கு நேர் பின்னால் நின்றது. யார் வீட்டு மோட்டார் மக்கர் பண்ணினாலும் ஸ்பேனரோடு வந்து நிற்பார். காசு நீட்டினால் கோபம் வரும். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் மூடியைத் தூக்கினவர் அவர். அப்படிப்பட்ட மனுஷனை எப்படித் திட்டுவது? அதுதான் கோவிந்தராஜின் கஷ்டம்.

ஒரு வெயில் காலத்தில் தெருவில் அத்தனை போரும் வற்றிவிட்டது. ஜோசப்ராஜின் சம்சாரம் ஞானகுமாரிக்கு முட்டி தேய்ந்த கால். லாரித் தண்ணிக்கு நின்ற கும்பலில் குடத்தோடு கீழே விழுந்தாள். அதற்கப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. குழாயின் வாயை அளந்து, இரும்புத் தகடு வெட்டி, ஓரத்துக்கு லாரி ட்யூப் ரப்பர் கொடுத்து, மழை முடிகிற சமயத்தில் உள்பக்கமாக அடைத்தார். தண்ணீர் தங்கிவிட்டது. சித்திரையிலும் போரில் தண்ணீர் ஊறியது. அன்றிலிருந்து அவர் 'டேம் சார்'.

குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிற கோவிந்தராஜ் வண்டியை நிறுத்திவிட்டு நேரே போய்க் கேட்டான். "இன்னா சார் இது? பெரிய மழ வந்தா அந்தத் தண்ணி எங்க போய் நிக்கும், உங்க ஊட்லயா?"

ஜோசப்ராஜ் சிரித்தார். "தகட்டுல சங்கிலி கோத்திருக்கேன் கோவிந்து. ஐப்பசிக்கு முன்னால இழுத்தா வந்துரும்."

மூன்று வருஷம் சொன்னபடி எடுத்தார், மழை முடிகிறபோது மறுபடி மாட்டினார். ஆனால் ஒவ்வொரு தரமும் அதற்குள் தண்ணீர் வற்றியிருந்தது, தகடு கையோடு வந்தது. நிறைந்த தண்ணீரில் யாரும் இழுத்துப் பார்த்ததே இல்லை.

நாலாம் வருஷம் ஆவணியிலேயே மழை. டேமில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் சார் என்று தெருக்காரர்கள் கெஞ்சினார்கள். ஞானகுமாரியும் அதையே சொன்னாள். ஒரு வாரம் ஒரு வாரமாகத் தள்ளிப்போய் ஐப்பசியும் பிறந்தது, புயலும் வந்தது.

காலையில் கோவிந்தராஜ் கரை ஏறிப் பார்த்தபோது தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. குட்டி யானையைக் கரையோரம் கொண்டுவந்து சங்கிலியைக் கட்டினார்கள். சக்கரம் சேற்றில் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. தெருவே சேர்ந்து தள்ளியது. சங்கிலி அறுந்து வந்து பின்கண்ணாடியில் அடித்தது. தகடு அசையவில்லை. தண்ணீர் ஏற ஏற அதுவே தகட்டைக் குழாயின் வாயோடு அமுக்கிப் பிடிக்கிறது. தண்ணீர் போனால்தான் தகடு வரும். தகடு வந்தால்தான் தண்ணீர் போகும்.

அறுந்த சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு ஜோசப்ராஜ் சொன்னார்: "இவ்வளவு நல்லா ஏன்யா செஞ்சேன்?"

அப்படியே உள்ளே இறங்கப் போனவரைக் கோவிந்தராஜ் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஃபயர் சர்வீஸ், கார்ப்பரேஷன் என்று போன் போட்ட இடத்தில் எல்லாம் வண்டி வெளியே போயிருக்கிறது, வருவோம் என்றார்கள். மத்தியானம் தண்ணீர் கரைமேல் வழிய ஆரம்பித்தது. வழிந்த இடத்தில் மண் கரைந்து, ஒரு லாரி நுழைகிற அகலத்துக்குக் கரை சரிந்தது. ஞானகுமாரியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். "மோட்டாரை ஆஃப் பண்ணினீங்களா?" என்று அவள் புருஷனைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

உயிர் ஒன்றும் போகவில்லை. சாமான் செட்டு போனது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோவிந்தராஜ் நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவை அந்த முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டு, அவர் வீட்டுச் சேற்றை வாரப் போனான்.

நனைந்தபடி நின்றதில் வந்த காய்ச்சல் ஜோசப்ராஜுக்கு நுரையீரலில் இறங்கியது. மார்கழியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சரிந்த கரைக்கு அதற்குள் மணல்மூட்டை அடுக்கிவிட்டார்கள். உள்ளே மிச்சத் தண்ணீர், அடியில் அதே தகடு. இந்த வெயிலுக்குக் கவலை இல்லை என்று தெருவில் பேச ஆரம்பித்தாயிற்று. ரேணுகாகூட ஒருநாள் அவன் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னாள்.

கோவிந்தராஜ் அவரைப் பார்க்கப் போன அன்று ஞானகுமாரி டீ வாங்கப் போயிருந்தாள். ஜோசப்ராஜ் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுத் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டார்.

"ஆள் மட்டத்துக்குக் கீது சார். நீங்க பேசாதீங்க."

அவர் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். அப்புறம் கோவிந்தராஜின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வத்துனதும் நீயே எறங்கி அந்தத் தகட்ட எடுத்துரு, கோவிந்து. திரும்ப மாட்ட முடியாதபடி ரெண்டா வெட்டிப் போட்டுரு. தெருவே வந்து நின்னாலும் கேக்காத. ஞானம் கொடத்தோட வந்து நின்னாலும் கேக்காத."